தோன்றா எழுவாய்

ஏழு மாதமாக நான் எழுதிவந்த வசனம் இது:
"குளிர் அறைக் கதவின் றப்பர் பற்றி ஆராயப்பட்டது.
ஆவன செய்யப்படும்."

பாசையூரில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கம்,
மாதத்தின் இரண்டாம் செவ்வாய், பின்னேரம் நாலு மணி.
நாலு மணியென்றால் நாலரை.
நாலரைக்குத் தலைவர் வெலிச்சோர் வருவார்,
அவருக்குப் பின்னால் பிளேன்ரீ வரும்,
பிளேன்ரீக்குப் பின்னால் றோல்ஸ்.
மௌன அஞ்சலி. சென்ற கூட்ட அறிக்கை.
சரியென்று ஒருவர் முன்மொழிவார்,
வாசித்ததைக் கேளாத இன்னொருவர் வழிமொழிவார்.

பிறகு பேச்சு.
இறங்குதுறை மண், இழுவைப்படகு, டீசல் விலை,
ஆரோ ஒரு அமைச்சர் எப்போதோ தந்த வாக்கு.
எல்லாம் உண்மை, எல்லாம் வயிற்றில் அடிப்பவை,
ஒன்றும் அந்த மேசையில் தீராதவை.
தீரக்கூடிய ஒன்று
முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது:
கதவிடுக்கால் கசிந்து
சைக்கிள்களைச் சுற்றிக்கொண்டு
வாய்க்காலுக்குள் இறங்கும் ஐஸ் தண்ணீர்.
அதில் ஒரு காகம் தினமும் குளித்தது.
காகத்துக்குச் சங்கத்தால் கிடைத்த நன்மையை
நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.

ஆராயப்பட்டது. செய்யப்படும்.
வினை இருக்கிறது, ஆளைக் காணவில்லை.
இலக்கணக்காரர் இதற்கு வேறு பெயர் சொல்லக்கூடும்,
நான் தோன்றா எழுவாய் என்றே சொல்வேன்.
ஏழு மாதமாகத் தோன்றவேயில்லை.

எட்டாம் மாதம் தலைவர் ஒரு செத்தவீட்டில் நின்றார்.
"நீ தொடங்கு அக்கினேஸ்" என்றார் போனில்.
ஏழு அறிக்கையையும் எடுத்தேன்,
அந்த ஒரு வசனத்தை மட்டும்
திகதியோடு வாசித்தேன், செபமாலைபோல.
மூன்றாம் தரம் ஆரோ சிரித்தார்கள்.
ஐந்தாம் தரம் சிரிப்பு நின்றது.
முடித்துவிட்டுக் கேட்டேன்:
"ஆர்?"

விசிறி சுழன்றது.
பொருளாளர் நீக்கிலாப்பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்,
உள்ளே ஒளிந்துகொள்ள இடம் இருந்ததாக்கும்.
"சங்கம்தான்" என்றது ஒரு குரல்.
"சங்கத்துக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.
ஸ்ரான்லி றோட்டுக்கு ஆர் போறது?"

ஒரு கதிரை பின்னால் நகர்ந்தது.
"நான் போறன். வியாழன்," மெக்கானிக் டிலக்சன்.
"ஆனா அளவு ஒருத்தருக்கும் தெரியாதே."

எல்லோரும் எழும்பினோம்.
றோல்ஸை இலையான்களிடம் விட்டுவிட்டு
கதவடிக்குப் போனோம்.
டிலக்சன் கதவைப் பிடித்தான்,
நீக்கிலாப்பிள்ளை ரோச் அடித்தார்,
என் கைப்பைக்குள் கிடந்த தையல் நாடாவால்
நான் அளந்தேன்.
குளிர் எங்கள் கணுக்காலில் பூனைபோல உரசியது.
பதினொரு நிமிடம்.
வந்து சேர்ந்த தலைவர்,
கூட்டம் முடிந்ததா தொடங்கவில்லையா என்று
வெறுங்கதிரைகளைப் பார்த்தபடி நின்றார்.

அன்றைய அறிக்கை நாலு வரி.
வினைக்குப் பக்கத்தில் பெயர், பெயருக்குப் பக்கத்தில் நாள்.
கையெழுத்து வைக்கும்போது அவர் கேட்டார்:
"என்ன பிள்ளை, பற்றுச்சீட்டு மாதிரிக் கிடக்கு?"

வியாழன் றப்பர் வந்தது.
ஒரு அங்குலம் கட்டை.

சனி காலை கதவடியிலேயே ஒரு கூட்டம்,
கதிரை இல்லை, பிளேன்ரீ இல்லை,
பில்லின் பின்பக்கத்தில் குறிப்பு.
கை பழக்கத்துக்கு ஓடியது:
"அளவு பிழையாக எடுக்கப்பட்டு"
அங்கே பேனை நின்றது.
எடுக்கப்பட்டு.
எவ்வளவு மெத்தையான சொல், படுத்தால் எழும்ப மனம் வராது.
நாடா பழசு, இழுபட்டுப்போனது என்றும் எழுதலாம்,
அதுவும் உண்மைதான்.
டிலக்சன் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
காகம் தன்பாட்டுக்குக் குளித்துக்கொண்டிருந்தது.

வெட்டிவிட்டு எழுதினேன்:
பிழையாக அளந்தது நான், ம. அக்கினேஸ்.
திரும்ப அளப்பதும் நான். இன்றைக்கு, பத்து மணிக்கு முன்.
இரும்பு நாடா: டிலக்சன்.